ஊரடங்கிய துறைமுகத்திலே

திருகோணமலை என்றதும் கற்றோர் உள்ளத்தில் இரண்டு காட்சிகள் எழும். ஒன்று, கடலின்மேல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் சுவாமிமலையும் அதன் உச்சியில் எழுந்தருளியிருக்கும் கோணேசர் திருக்கோயிலும். மற்றொன்று, குன்றுகளின் மடியில் அமைதியாக அடங்கிக் கிடக்கும் இயற்கைத் துறைமுகம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. பேரரசுகள் கண்வைத்துப் போரிட்ட துறை இது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழங்கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய துறைமுகம் 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதன்மேல் குண்டு பொழிந்தன.

இவையெல்லாம் மாணவர்கள் பாடநூல்களிற் படிப்பவை. ஆனால் துறைமுகக் கரையில் வாழும் எளிய மக்களின் அன்றாட வாழ்வு பாடநூல்களில் ஏறுவதில்லை. 2020ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் கொரோனா நோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்திருந்தபோது, இவ்வூரில் ஓய்வுபெற்ற முதிய தம்பதியர் இருவர் தம் நாள்களை எவ்வாறு கழித்தனர் என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன். அவர்கள் என் அயலவர்கள். பெயர் எதற்கு என்று அவர்கள் கூச்சப்படுவதால் பெரியவர் என்றும் ரீச்சர் என்றும் குறிப்பிடுகிறேன். ஊரார் அழைப்பதும் அவ்வாறே.

துறைமுகம் தந்த சொல்

நோயுற்றவரையும், நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்துக்குரியவரையும் பிறரிடமிருந்து விலக்கி வைப்பதை நாம் தனிமைப்படுத்தல் என்கிறோம். இவ்வழக்கம் துறைமுகங்களிலே பிறந்தது என்பது பலருக்கு வியப்பூட்டலாம். ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாட்டிய காலத்தில், அத்திரியாற்றிக் கடற்கரையிலுள்ள இரகுசா நகரத்தார் 1377இல் ஒரு விதி செய்தனர். நோய்ப்பட்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்பது அவ்விதி. பின்பு இக்காலம் 40 நாளாக நீண்டது. வெனிசு நகர மொழியில் நாற்பது என்னும் எண்ணிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்ற சொல் தோன்றியது.

நம்மவர்க்கும் இச்சொல் புதிதன்று. தேயிலைத் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கடல் கடந்தனர். காலச் சக்கரம் சுழன்றது. 1983க்குப் பின் போருக்கஞ்சித் தோணியேறிய நம் நாட்டுத் தமிழ் மக்களுக்கும் அதே மண்டபம் முகாமே புகலிடமாயிற்று. எனவே, காத்திருத்தல் என்பது இந்தக் கடலோரத்தின் பழைய பாடங்களில் ஒன்று எனலாம்.

கதவடைத்த நகரம்

2020 சனவரி 27இல் நம் நாட்டின் முதல் நோயாளி, சீன நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர், கண்டறியப்பட்டார். மார்ச்சு 11இல் உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. அன்றே உலகச் சுகாதார நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச்சு 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது.

திருகோணமலை நகரம் இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். ஒரு புறம் உட்துறைமுகம். மறுபுறம் திறந்த கடல். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். அந்நிலத்தில் அன்று முதல் மனிதர் நடமாட்டம் நின்றது. சந்தை மூடிற்று. பேருந்துகள் நின்றன. கொழும்பிலிருந்து வரும் இரவுப் புகையிரதமும் நின்றது. பத்திரகாளி அம்மன் கோயிலில் குருக்கள் தனியே பூசை செய்தார். அடியார்கள் வீட்டிலிருந்தே மணியோசை கேட்டுக் கைகூப்பினர்.

தெருக்களில் எஞ்சியவை மான்களே. பிரடெரிக் கோட்டையிலும் நகரிலும் புள்ளிமான்கள் மந்தையாகத் திரிவது இவ்வூரின் தனிச்சிறப்பு. மார்ச்சு இறுதியில், ஆளற்ற வீதியில் அவை நிற்கும் படங்களை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. காட்டுயிர்கள் நகரைக் கைப்பற்றிவிட்டன என்று பிறநாட்டார் வியந்தனர். நமக்கோ அவை பழைய குடிகள். உண்மையில் அந்நாள்களில் அவை சுகப்பட்டன அல்ல. சந்தைக் கழிவும் வழிப்போக்கர் தரும் தீனியும் இல்லாமல் பசித்து அலைந்தன. ரீச்சர் கறிக்கு நறுக்கிய தோலையும் தண்டையும் சேர்த்து வைத்து, மாலைதோறும் படலைக்கு வெளியே வைப்பார். இரண்டாம் வாரத்திலிருந்து அந்நேரத்துக்கு மூன்று மான்கள் தவறாமல் வந்து நின்றன.

நேர அட்டவணை

பெரியவர் புகையிரதப் பகுதியில் நிலைய அதிபராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். 2020இல் அவருக்கு வயது 71. ரீச்சர் ஆரம்பப் பாடசாலைகளில் 33 ஆண்டு கற்பித்தவர். ஒருவர் மணி பார்த்து வண்டி அனுப்பியவர். மற்றவர் மணி பார்த்துப் பாடம் மாற்றியவர். ஓய்வுக்குப் பின்னும் அவர்கள் வாழ்வு ஓர் ஒழுங்கிலே சென்றது. விடியுமுன் இரவு வண்டியின் ஊதல் கேட்கும், பெரியவர் எழுவார். மாலை 5 மணிக்கு இருவரும் உட்துறைமுக வீதியில் நடந்து, பத்திரகாளி அம்மனை வணங்கி, கோட்டை வாசல் வரை சென்று, கடற்கரையில் சிறிது நேரம் இருந்து மீள்வர். வெள்ளிக்கிழமைகளில் மலையேறிக் கோணேசரைத் தரிசிப்பர்.

ஊரடங்கு வந்ததும் வண்டியின் ஊதலும் போயிற்று, நடையும் போயிற்று. முதல் மூன்று நாளும் பெரியவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழவில்லை. இன்று என்ன கிழமை என்று மனைவியிடம் இருமுறை கேட்டார். நாலாம் நாட் காலை ரீச்சர் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் கோடுகள் இழுத்து அவர்முன் வைத்தார்.

“இஞ்சேருங்கோ, இதிலை நேரத்தைப் போட்டுத் தாங்கோ. வண்டி இல்லாட்டிலும் ஸ்டேசன் திறந்துதானே இருக்கவேணும்?”

அவ்வாறு பிறந்த அட்டவணையை நான் பின்னர் பார்த்தேன். கறுப்பு மையில் நேரமும் சிவப்பு மையில் கடமையுமாக, நிலைய அதிபரின் திருத்தமான கையெழுத்தில் அது எழுதப்பட்டிருந்தது. காலை 5 மணிக்கு எழுதல். 5.30க்கு அவர் கிணற்றில் நீரள்ள, அவர் மனைவி முற்றம் கூட்டுதல். 6 மணிக்குத் தேவாரம். 6.30க்குத் தேநீரும் வானொலிச் செய்தியும். செய்தி ஒரு நாளைக்கு இருமுறை மட்டுமே என்று அதன் கீழே கோடிட்டிருந்தது. 7 முதல் 8 வரை தோட்டம். கத்தரியும் வெண்டியும் பசளியும் அந்த வேனிலில்தான் அவ்வளவில் முதன்முறை நட்டனர். 8.30க்குப் பிட்டோ இடியப்பமோ. 9 மணிக்கு மாத்திரை.

10 மணிக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மதிலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் குடும்பம். அவ்வீட்டில் நாலாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள். பாடசாலைகள் மூடியிருந்தமையால் அவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நின்றனர். ரீச்சர் இந்தப் பக்கத்து விறாந்தையில் இருந்து வாய்ப்பாடு கேட்டார். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பிழைவிட்டால், ஒலி மதிலேறி ஒழுங்கை முழுவதும் கேட்கும்.

மாலை 5 மணிக்குரிய கடமை நடை. கடற்கரை வரை செல்லும் தூரத்தை முற்றத்திலேயே நடந்து முடிப்பதென்று பெரியவர் தீர்மானித்தார். படலையிலிருந்து கிணற்றடிக்கு 40 எட்டு. போய்வர 80. அவ்வாறு 30 முறை. வெறுமனே நடப்பது சலிப்பைத் தரும் அல்லவா? ஆகவே அவர் தரிப்பிடங்களுக்குப் பெயர் வைத்தார். படலை, உட்துறைமுக வீதி. செவ்வரத்தை மரம், பத்திரகாளி அம்மன் கோயில். மாமரம், கோட்டை வாசல். கிணற்றடி, கடற்கரை. செவ்வரத்தையடியில் இருவரும் நின்று கும்பிட்டுவிட்டே அப்பாற் செல்வர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டின் பின்படியில் ஏறி மொட்டை மாடிக்குச் செல்வர், அது சுவாமிமலை. முதலில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் நாளடைவில், அந்த நடைக்குரிய மணி வந்ததும் ஒழுங்கையில் உள்ள நாங்கள் எல்லோரும் எங்கள் முற்றங்களில் நடக்கத் தொடங்கினோம்.

இரவு 7 மணி தொலைபேசிக்கு உரியது. மகள் கனடாவில் தொரொன்ரோ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. இங்கு இரவு 7 எனில் அங்கு காலை 9.30. வேலைக்குப் புறப்படுமுன் அவர் வட்ஸ்அப்பில் முகம் காட்டுவார். முதியோரிடையே நோய் பரவிய செய்திகளை வானொலியிற் கேட்ட தாய், மகளின் முகத்தை உற்றுப் பார்ப்பார். வாயால் ஒன்றும் கேளார். “சாப்பிட்டியா பிள்ளை?” என்பது மட்டுமே அவர் கேள்வி.

தபாற்காரர்

நம்மிடம் ஒரு குறைபாடு உண்டு. ஒழுங்காக நடக்கும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் மாதாந்தக் கிளினிக்குகளுக்குச் செல்ல இயலாத நோயாளருக்கு, மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு அக்காலத்தில் செய்யப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய முதியோர்க்கு அஃது உயிர்காத்த ஏற்பாடு. முகமூடி அணிந்த தபாற்காரர் ஈருருளியின் மணியை அடித்துப் பொதியைப் படலையிற் கொளுவிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பெயரைச் சரிபார்ப்பார். பெரியவர் அவருக்காக ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சவர்க்காரத் துண்டும் படலையருகில் வைத்திருப்பார். அரசாங்க சேவையில் இருந்த ஒருவர் அரசாங்க சேவையில் இருக்கும் மற்றொருவருக்குச் செய்யும் மரியாதை அது.

ஊரடங்கு சில நாள்களில் சில மணி நேரம் தளர்த்தப்பட்டது. அப்போது கடைகளின்முன் நீண்ட வரிசை நிற்கும். முதியோர் வெளியே வரவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டமையால் இத்தம்பதியர்க்கு வேண்டிய அரிசி, பருப்பு, தேங்காயை ஒழுங்கைப் பையன்கள் வாங்கிக் கொடுத்தனர். மீன் கொண்டு வந்தவர் மதிலுக்கு அப்பால் உள்ள பிள்ளைகளின் தந்தை. பணம் வாங்க மறுத்தார். “பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீங்க, அதுக்குக் கணக்குப் பாக்கிறதா ரீச்சர்?” என்றார்.

எதிர்க்கரை

ரீச்சரின் தமக்கையார் கொட்டியாரக் குடாவின் எதிர்க்கரையில், சம்பூரில் வாழ்ந்தார். 2006இல் போரினால் அவ்வூர் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். ஏறக்குறையப் பத்தாண்டு முகாம் வாழ்வின் பின்பே தம் காணிகளுக்கு மீண்டனர். அம்மூதாட்டியும் அவ்வாறு மீண்டவர். தாம் பிறந்த மண்ணிலே கண்மூட வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுதல்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், பிற்பகலில் தொலைபேசி ஒலித்தது. அக்காள் உறக்கத்திலேயே உயிர் நீத்தார் என்ற செய்தி வந்தது. அது நோயினால் வந்த சாவன்று; முதுமையினால் வந்தது. அப்போது ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. இறுதிக் கிரியைக்குச் செல்ல அனுமதி பெறுவது இயலாத காரியமன்று. பெரியவர் கிராம அலுவலரைத் தொலைபேசியில் அழைக்க முற்பட்டார். ரீச்சர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“வேண்டாம். இந்த ஒழுங்கையிலை எத்தனை பேர் வந்து போகினம். என்னட்டை என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது. நான் போய் அங்கை உள்ள சனத்துக்கு ஏதும் குடுத்திட்டு வந்தால்? அக்கா நினைச்ச மண்ணிலை போய்ச் சேர்ந்திட்டா. அது போதும்.”

சாவீட்டுக்குச் செல்லாதிருப்பது நம் சமூகத்தில் சிறிய செய்தியன்று. கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் பொறுப்பர். சாவுக்குப் போகாமையைத் தலைமுறை கடந்தும் சொல்லிக் காட்டுவர். உடன்பிறந்தவளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் உரிமையை, முன்பின் அறியாத ஊராரின் நலத்துக்காக ஒருத்தி தானே முன்வந்து துறந்தாள். போர்க்களத்துத் தியாகங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இத்தகைய தியாகத்துக்கு நம்மிடம் ஒரு பெயரும் இல்லை.

அன்று மாலை அவர் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு, தெற்கு நோக்கிச் சிறிது நேரம் நின்றார். அடுக்களையில் பெரியவர் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய 45 ஆண்டு இல்வாழ்வில் அவர் அடுப்பு மூட்டியது அன்றுதானாம். சீனி இருமடங்கு போட்டுவிட்டார். நீரிழிவுக்காரியான மனைவி ஒன்றும் சொல்லாமல் அதில் பாதியைக் குடித்தார். பின்பு இருவரும் நடந்தனர். 30 முறையும் நடந்தனர்.

புத்தாண்டு அவ்வீட்டில் கொண்டாடப்படவில்லை. ஒழுங்கையிலும் மருத்துநீருக்குக் கோயிலுக்குச் செல்வாரில்லை; கைவிசேடத்துக்கு வீட்டுக்கு வருவாரில்லை. பத்து நாள் கழித்து நோன்பு பிறந்தது. அன்று மாலை மதிலின்மேல் மூடி போட்ட பாத்திரம் ஒன்று வந்து அமர்ந்தது, நோன்புக் கஞ்சி.

ஆயினும் மதிலின் அப்புறத்தில் வேறொரு கவலை குடிகொண்டிருந்தது. கொரோனாவால் இறப்போரின் உடல்களைத் தகனமே செய்ய வேண்டும் என்ற விதி அந்த ஏப்ரலில் வந்தது. நல்லடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களுக்கு அது நோயினும் பெரிய அச்சமாயிற்று. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதன் பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அவ்வுடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. தம் தமக்கைக்கு உரிய கடைசிக் கடமையைச் செய்ய முடியாத ரீச்சருக்கு அந்த வேதனையை விளக்கிச் சொல்ல எவரும் தேவைப்படவில்லை.

இரு வகை ஊரடங்கு

இவ்வூராருக்கு ஊரடங்கு புதியதன்று. 1983 முதல் 2009 வரை அதைக் கண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்பும் அதைக் கண்டோம். ஆயினும் முன்னைய ஊரடங்குகளில் ஓர் ஆறுதல் இருந்தது. அஞ்சியவர்கள் ஒன்றுகூடினர். நாலு வீட்டார் ஒரு வீட்டில் படுத்தனர். 2004 திசம்பர் 26இல் கடல் பொங்கியபோதும் கோயில் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் தோளோடு தோள் சாய்ந்தே மீண்டோம். இந்த நோயோ, அன்புடையவர் ஒருவரை ஒருவர் நெருங்காதிருப்பதே அன்பு என்றது. பழைய பாடம் ஒன்றும் உதவாத புதிய தேர்வு இது.

அத்தேர்வில் இத்தம்பதியர் எழுதிய விடை எளியது. நாளை மணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கடமையை வைத்தனர். அக்கடமைகளுள் பாதியையேனும் பிறர்க்கென்று ஒதுக்கினர். பிள்ளைகளுக்கு ஒரு மணி, தபாற்காரருக்கு ஒரு போத்தல் தண்ணீர், மானுக்கு ஒரு பிடி தோல். தனிமை அவர்களுடைய வீட்டுக்குள் வந்தது. ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 20க்குப் பின் எம் மாவட்டத்தில் பகலில் ஊரடங்கு தளர்ந்தது. சூன் 28இல் நாடெங்கும் முற்றாக நீங்கியது. 2021இல் மேலும் இருமுறை ஊர் அடங்கியது. மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை. ஆகத்து 20 முதல் அக்தோபர் தொடக்கம் வரை மீண்டும் ஊரடங்கு. அவ்விரு முறையும் பெரியவர் எவரும் சொல்லாமலே அட்டவணையைத் தூசி தட்டிச் சுவரில் மாட்டினார். தடை நீங்கிய பின்னரே ரீச்சர் கின்னியாப் பாலத்தின் வழியாகக் குடாவைச் சுற்றிச் சென்று, தமக்கையின் வீட்டு முற்றத்தில் இருந்து அழுது மீண்டார்.

திருகோணமலைக்கு வரும் அன்பர்கள் கோணேசரைத் தரிசிக்கட்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடட்டும். பருவம் வாய்த்தால் சுவாமிமலையிலிருந்து திமிங்கிலங்களையும் காணட்டும். அத்துடன், மாலை 5 மணியளவில் ஒருமுறை உட்துறைமுக வீதியிலும் நடந்து பார்க்கட்டும். கடற்காற்றில் மெல்ல நடந்து வரும் முதியவர்கள் பலரை அங்கு காண்பர். அவர்களுள் எவரேனும் ஒருவரிடம், “அந்த நாள்களை எப்படிக் கழித்தீர்கள்?” என்று மாணவர்கள் கேட்பாராயின், எந்த நூல்நிலையத்திலும் கிடைக்காத வரலாறொன்று அவர்களுக்குக் கிடைக்கும். அதைக் கேட்டு எழுதி வைப்பது இளைஞர் கடன்.